க்ஷயரோக ஊசியும் கணக்கும்

2024ம் வருஷத்தில் மத்திய சர்க்கார், பல ராஜ்யங்களில் தெரிந்தெடுத்த ஜில்லாக்களில், வயதுவந்தோருக்குப் பி.ஸி.ஜி. ஊசி போடும் வேலையை ஆரம்பித்தார்கள். க்ஷயரோகம் ஒரு முறை வந்து நீங்கியவர்கள், நோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்பவர்கள், அறுபது வயதானவர்கள், நீரிழிவுக்காரர்கள், புகை பிடிப்பவர்கள், உடல் மெலிந்தவர்கள் ஆகியோரில், சம்மதித்து முன்வந்தவர்களுக்கு இந்த ஊசி. இதை ஓர் ஆராய்ச்சி என்றே சர்க்கார் அழைத்தார்கள். மிகவும் சரி. ஆராய்ச்சி என்றால் என்றேனும் ஒரு நாள் அதன் கணக்கு வெளிவந்தாக வேண்டும். இத்தனை லட்சம் பேருக்கு ஊசி போட்டோம், நோய் நூற்றுக்கு இத்தனை வீதம் குறைந்தது என்று ஓர் எண் நம் கையில் கொடுக்கப்படும். அந்த எண்ணை எப்படி வாசிப்பது என்பதை, அது வருமுன்னரே நாம் தீர்மானித்துக் கொள்வது நலம். வந்த பிறகு தீர்மானிப்போமானால், நம் மனதுக்குப் பிடித்த முறையிலேயே வாசிப்போம்.

இவ்வளவு முன்ஜாக்கிரதை எதற்கு என்று கேட்கலாம். இதே ஊசியின் விஷயத்தில், இதே தேசம், ஒரு முறை அயல்நாட்டு எண்ணை நம்பி நடந்திருக்கிறது, அதனால் கேட்கிறோம்.

சென்னை கிண்டியில் பி.ஸி.ஜி. மருந்து தயாரிக்கும் சாலை 1948ல் ஏற்பட்டது. சில வருஷங்களுக்குள் ஊசி தேசமெங்கும் பரவிற்று. 1955ல் ராஜாஜி இந்த இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவர் சொன்னதெல்லாம் சரியென்று நாம் சொல்லவில்லை. வைத்தியம் அறியாதவர் வைத்தியத்தில் தலையிடலாமா என்று அன்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் இரு தரப்பாரிடமும் இல்லாத பொருள் ஒன்று இருந்தது. அது நம் மண்ணில், நம் ஜனங்களிடையே, ஒழுங்காக நடத்தப்பட்ட ஒரு பரீக்ஷை. எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது என்ற கணக்கு கோடிக்கணக்கில் இருந்தது; எத்தனை பேர் அதனால் பிழைத்தார்கள் என்ற கணக்கு இல்லை. முதற் கணக்கைக் காட்டி இரண்டாவதை நம்பச் சொல்வது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம்.

வெளிநாட்டுக் கணக்குகளோ ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. இங்கிலாந்தில் 1950ல் தொடங்கி, பள்ளிக்கூடத்தை விடும் வயதிலுள்ள ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளைக் கொண்டு பரீக்ஷை செய்தார்கள். ஊசியில்லாத கூட்டத்தில் நூறு பேருக்கு நோய் கண்டால், அதே அளவுள்ள ஊசிக் கூட்டத்தில் சுமார் இருபது பேருக்கே கண்டது. அதாவது நூற்றுக்கு எண்பது வீதம் பாதுகாப்பு. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் தொடங்கிய பரீக்ஷையில் கிடைத்ததோ நூற்றுக்குப் பதினான்குதான். போர்ட்டோ ரிக்கோ தீவில் சுமார் முப்பது. எண்பது வேண்டியவர் எண்பதை எடுத்துக்கொள்ளலாம். பதினான்கு வேண்டியவர் பதினான்கை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தாலோ, அது லண்டனுக்கும் பொருந்தாது, அலபாமாவுக்கும் பொருந்தாது. இவற்றில் செங்கற்பட்டுக்கு எது என்பதைச் செங்கற்பட்டில் சோதித்தல்லவா அறிய வேண்டும்?

அப்படியே சோதித்தார்கள். 1968ல், அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவில், சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில், இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து தொடங்கிய பரீக்ஷை அது. உலகத்தில் பி.ஸி.ஜி.க்கு நடந்த மிகப் பெரிய பரீக்ஷைகளில் அதுவும் ஒன்று. 1971க்குள் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் பி.ஸி.ஜி. அல்ல. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல் தற்செயலுக்கே விட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பின்னால் வந்து சளியைச் சோதித்தவருக்கும் தெரியாது. இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரையும் ஒரே விதமாகச் சோதித்தார்கள்.

ஏழரை வருஷக் கணக்கு 1979ல் வெளிவந்தது. நுரையீரல் க்ஷயத்தைத் தடுப்பதில் பி.ஸி.ஜி.க்கும் வெறும் நீருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. உலகத்து வைத்தியர்கள் திடுக்கிட்டார்கள். பரீக்ஷையில்தான் எங்கோ பிழை இருக்க வேண்டும் என்று தேடினார்கள், மருந்தைச் சந்தேகித்தார்கள். எண்பது என்று வந்தபோது இவ்வளவு ஊக்கத்தோடு பிழை தேடினார்களா என்று நாம் கேட்க விரும்புகிறோம். வேண்டிய விடை வந்தால் கணக்கை மூடிவிடுவதும், வேண்டாத விடை வந்தால் மறுபடியும் கூட்டிப் பார்ப்பதும் மளிகைக் கடையில் நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

இறுதியான பதினைந்து வருஷக் கணக்கு 1999ல் வெளியாயிற்று. வயதுவந்தோருக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளுக்கு நூற்றுக்கு 27 வீதம் என்றது அது. இந்த 27ஐச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் நேர்மையுள்ளவர்கள், 27 என்று எழுதி அத்துடன் நிறுத்தவில்லை. பக்கத்திலேயே அதன் ஐயப்பாட்டின் எல்லையையும் எழுதினார்கள். குறை 8 முதல் 50 வரை என்பது அந்த எல்லை. அதற்கு அர்த்தம் யாதெனில், நோயுற்றவர் எண்ணிக்கை தற்செயலாக ஏறியும் இறங்கியும் இருக்கக்கூடுமாதலால், மெய்யான பயன் நூற்றுக்கு ஐம்பது வரையிலும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சிறிது கெடுதலாகவும் இருக்கலாம் என்பதே. 27 என்ற எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அந்த எல்லையை விழுங்கிவிடும் பத்திரிகை பொய் சொன்னதாகாது. ஆயினும் வாசிப்பவன் பொய்யை நம்பியிருப்பான். இந்தக் குற்றத்தில் நம் தொழிலைச் சேர்ந்த யாரும் கைகழுவிக்கொள்ள முடியாது.

இதிலிருந்து பி.ஸி.ஜி.யே வீண் என்று எவரேனும் முடிவு கட்டினால், அதுவும் அதே வகைப் பிழைதான். பிறந்த சிசுக்களுக்கு இந்த ஊசி இன்றும் போடப்படுகிறது, போடவும் வேண்டும். மூளையின் சவ்வைத் தாக்கும் க்ஷயத்தினின்றும், உடலெங்கும் பரவும் க்ஷயத்தினின்றும் அது சிசுக்களைக் காக்கிறது என்பதற்கு வேறு நல்ல சான்றுகள் உண்டு. செங்கற்பட்டுப் பரீக்ஷை அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. அதற்கு வேண்டிய அளவு சிசுக்கள் அதில் இல்லை. கேட்காத கேள்விக்கு ஒரு கணக்கினிடம் விடை பிடுங்குவது அக்கிரமம். இங்கிலாந்தில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் காரணங்கள் கூறப்பட்டிருக்கின்றன. வெப்பநாட்டு மண்ணிலும் நீரிலும் வாழும் க்ஷயக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள், ஊசிக்கு முன்பே உடலைப் பழக்கிவிடுகின்றன என்பது அவற்றுள் ஒன்று.

இப்பொழுது நடப்புக்கு வருவோம். சம்மதித்து முன்வருவோருக்கே ஊசி என்றார்களல்லவா? கட்டாயமில்லாதது நல்லதே, அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் கணக்கில் அங்கேதான் குழி இருக்கிறது, அதுவும் பழைய குழி. 1904ல், விஷஜுர ஊசியைப் பற்றி ஆல்ம்ராத் ரைட் என்ற வைத்தியருக்கும் கார்ல் பியர்சன் என்ற கணித நிபுணருக்கும் பெரிய வாதம் நடந்தது. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஜுரம் குறைவு என்று ரைட் கணக்குக் காட்டினார். பியர்சன் அதை ஒப்பவில்லை. தானே முன்வந்து ஊசி போட்டுக்கொள்ளும் சிப்பாய், தன் உடம்பைப் பற்றிக் கவலையுள்ளவன். அத்தகையவன் தண்ணீர் குடிப்பதிலும் ஜாக்கிரதையாக இருப்பானல்லவா? குறைந்தது ஊசியாலா, ஜாக்கிரதையாலா? முன்வந்தவர்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒருவரை விட்டு ஒருவருக்கு ஊசி போட்டுப் பாருங்கள் என்பது பியர்சன் சொன்ன யோசனை. விஷஜுர ஊசி பயனுள்ளதே என்பது பிற்காலத்தில் நல்ல பரீக்ஷைகளால் நிலைநாட்டப்பட்டது. ஆகவே ரைட் சொன்ன முடிவு சரிதான். அதற்கு அவர் காட்டிய ஆதாரம்தான் போதாது. இந்த வித்தியாசத்தை நம் அரசியல் நண்பர்கள் நினைவில் வைத்தால் மேடைகளில் பாதி வாதம் குறையும்.

ஆகவே, ஊசிக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வந்தவர்களிடம் நோய் குறைவு என்று நாளை ஒரு கணக்கு வருமானால், அதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. வந்தவர் நடக்கக்கூடியவர், கூலி இழந்து அரை நாள் காத்திருக்கக்கூடியவர், ஆஸ்பத்திரியை நம்புகிறவர். வராதவர்களில் எத்தனை பேர் குடிசையை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள்? ஊசி உள்ள ஜில்லாவை ஊசியில்லாத ஜில்லாவோடு ஒப்பிடுவது இதைவிட மேல். அங்கும் ஒரு சங்கதி உண்டு. க்ஷயரோகம் தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் கிடைக்காது. ஒரு ஜில்லாவில் சளிச் சோதனை அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் நடந்தால், சோதனை குறைந்த இடத்தில் நோயும் குறைந்ததாகக் கணக்குச் சொல்லும். எத்தனை பேருக்கு நோய் என்று சொல்பவர்கள், எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதையும் கூடவே சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொரு குழி இன்னும் வேடிக்கையானது. மொத்தக் கணக்கில் பயன் தெரியவில்லையென்றால், அதைக் கூறுபோட்டுப் பார்க்கும் ஆசை வரும். நீரிழிவுக்காரருக்கு எப்படி? புகைப்பவருக்கு எப்படி? பெண்களுக்கு, எழுபது வயதைத் தாண்டியவருக்கு எப்படி? ஒரு பயனும் இல்லாத மருந்தைக்கூட இருபது கூறாக்கிப் பார்த்தால், எங்கேனும் ஒரு கூற்றில் அது அற்புதம் செய்ததாகத் தற்செயல் காட்டிவிடும். 1988ல் வெளியான ஒரு பெரிய பரீக்ஷையில், மாரடைப்புக் கண்ட பதினேழாயிரம் பேரைக் கொண்டு ஆஸ்பிரின் உயிர் காப்பதை ஐயமற நிரூபித்தார்கள். கூறுபோட்டுக் காட்டும்படி அவர்களை வற்புறுத்தியபோது, நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மேல்நாட்டு முறைப்படி மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் கெடுதல் செய்வதுபோல் வந்தது! நம் ஊர் ஜோஸியர்கள் மகிழ வேண்டாம்; கூறுபோடுவதன் அபாயத்தைக் காட்டவே அவர்கள் அதை அச்சிட்டார்கள். எந்தக் கூறுகளைப் பார்க்கப் போகிறோம் என்று முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. கணக்கைப் பார்த்த பிறகு பொறுக்கியதற்கு மதிப்பில்லை.

நூற்றுக்கு ஐம்பது குறைந்தது என்றால் எதில் ஐம்பது என்றும் கேட்க வேண்டும். ஆயிரம் பேரில் இருவருக்கு வந்த நோய் ஒருவருக்கு வந்தாலும் ஐம்பதுதான்; நானூறு பேருக்கு வந்தது இருநூறு பேருக்கு வந்தாலும் ஐம்பதுதான்.

இவ்வளவு கட்டுப்பாடாக ஆராய்ச்சி நடத்துவது ஏழைத் தேசத்தால் ஆகுமா என்பாரும் உளர். சென்னையில் 1956லேயே ஆயிற்று. மருந்து உட்கொள்ளும் க்ஷயரோகி சானடோரியத்தில்தான் இருக்க வேண்டுமா, வீட்டில் இருந்தால் போதாதா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஏழைக் குடும்பத்து நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூட்டமாகப் பிரித்தார்கள். வருஷ முடிவில் சானடோரியத்தாரில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நெருக்கடியிலும் போதாத சாப்பாட்டிலும் இருந்தவர்களில் 86 பேரும் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் அதிகம் தொற்றவுமில்லை. 1959ல் இது வெளியான பின், உலகமெங்கும் சானடோரியங்களை மூடத் தொடங்கினார்கள். பணக்கார நாடுகள் நம்மிடமிருந்து கற்ற பாடம் அது. இருநூறு பேர்கூட இல்லாத பரீக்ஷை அதைச் சாதித்தது. கோடிக்கணக்கில் ஊசி போட்ட இயக்கத்தால் தன் பயனை நிரூபிக்க முடியவில்லை.

நாம் சர்க்காரைக் கேட்பது இவ்வளவே. வயதுவந்தோர் ஊசியைப் பற்றிய ஆராய்ச்சியில் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள், யாரை யாரோடு ஒப்பிடப் போகிறார்கள், எந்த வருஷத்தில் கணக்கை முடிப்பார்கள் என்பதைச் சாமானிய ஜனங்கள் வாசிக்கும் பாஷைகளில் வெளியிட வேண்டும். வைத்தியப் பரீக்ஷைகளைப் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு 2007ல் ஏற்பட்டு, 2009 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் பதிந்துவிட்டால் மட்டும் கடமை தீராது. கணக்கு வந்ததும் நல்லதோ கெட்டதோ முழுவதையும், ஊசியால் தீங்குற்றவர் தொகை உட்பட, ஜில்லா வாரியாக வெளியிட வேண்டும். ஒன்றுமில்லை என்று விடை வந்தாலும் சரி. 1979ல் அப்படி வந்ததை மறைக்காமல் வெளியிட்டவர்களும் இந்தத் தேசத்தார்தாம். சட்டசபை அங்கத்தினர்கள் ஊசி போட்டவர்களின் தொகையை மாத்திரம் மந்திரியிடம் கேட்டு உட்கார்ந்துவிடாமல், போடாத ஜில்லாவில் எத்தனை பேருக்குச் சளியைச் சோதித்தீர்கள் என்று துணைக் கேள்வி போட வேண்டும்.