கடல் கடந்தவனுக்கு ஓட்டு எங்கே?

மயிலாடியிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் அரபு நாடுகளுக்குப் பிழைக்கப் போயிருக்கும் தோழர்களைப் பற்றி நம் தேசபக்தர்கள் பேசுவதெல்லாம் அவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றியேயொழிய உரிமையைப் பற்றியல்ல. அங்கே எத்தனை வருஷம் உழைத்தாலும் குடியுரிமை கிடைப்பது அரிது. சரி, இங்கேயாவது என்ன இருக்கின்றது?

2010ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு ஓட்டு உண்டென்றார்கள். ஆனால் பாஸ்போர்ட்டும் கையுமாய்த் தன் ஊர்ச் சாவடியில் நேரில் வந்து நிற்க வேண்டுமாம்! தூதரகத்து உத்தியோகஸ்தர் தபாலில் ஓட்டுப் போடலாம். வெயிலில் கம்பி கட்டுகிறவன் மாத்திரம் விமானமேறி வரவேண்டுமென்றால், இது யாருக்குக் கொடுத்த ஓட்டு என்று கேட்கின்றோம். இவர்களுக்கும் தபால் ஓட்டுக் கொடுக்கலாமென்று தேர்தல் கமிஷனே 2020ல் சொல்லியும், 2024 தேர்தலில்கூட அது நடக்கவில்லை.

நாஞ்சில் நாடு 1956 வரை மலையாளத்தாரோடு இருந்த சீமை. அந்தக் கேரளம் 1996லேயே வெளிநாடு சென்றோருக்கென்று தனி இலாகா வைத்தது. நமக்கோ சட்டம் 2011ல் வந்தது. வாரியம் அமைப்பதாக அறிவிக்க 2021 ஆயிற்று. பணம் வந்து சேருவதில் மட்டும் இவ்வளவு தாமதமில்லை.

நிற்க, தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஒரே அறையில், ஒரே சட்டிச் சோற்றை, யார் என்ன ஜாதியென்று கேளாமல் உண்கின்றீர்கள். லீவில் வந்ததும் ஜாதியும் ஜாதகமும் வரதட்சணையும் பார்த்துப் பெண் தேடுவானேன்? அங்கே இறங்கின சோறு இங்கே மட்டும் ஏன் தொண்டையில் அடைக்கின்றது?