நான்கு அளவுகோல்களும் ஒரே எடை உடையனவா?

என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் பாடநூலில், உளக்கோளாறுகள் பற்றிய இயல் 'நான்கு டி' எனும் வரையறையை முன்வைக்கிறது. வழக்கத்திலிருந்து விலகல், துயர், செயல்திறன் குலைவு, ஆபத்து ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நான்கும் அந்த எழுத்தில் தொடங்குவதால் வந்த பெயர் அது. பள்ளியில் உளவியல் பயில்வோருக்குப் பிறழ்வு பற்றிய முதல் அறிமுகம் இதுவே. பட்டப்படிப்பிலும் பெரும்பாலும் இதே பட்டியல்தான், சற்று விரிவாக. நான்கையும் வரிசையாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. நான்கும் ஒரே எடை உடையவை என்ற எண்ணமும் அந்த வரிசையோடு சேர்ந்தே மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இந்த எண்ணம் தவறானது. அதன் விளைவுகள் வகுப்பறையோடு நிற்பதும் இல்லை.

முதலில் நிற்கும் 'விலகல்' என்பதையே எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் இரண்டு வேறுபட்ட கருத்துகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று எண்ணிக்கை சார்ந்தது: பலரிடம் காணப்படுவது இயல்பு, சிலரிடம் மட்டும் காணப்படுவது பிறழ்வு. நுண்ணறிவு ஈவின் சராசரி 100, திட்டவிலக்கம் 15 எனக் கொண்டால், 70க்குக் கீழே ஏறத்தாழ 2.3 விழுக்காட்டினர் இருப்பர். 130க்கு மேலேயும் அதே அளவினர் இருப்பர். இரு முனைகளும் ஒரே அளவு அரியவை. ஆயினும் ஒரு முனையைக் குறைபாடு என்றும் மறுமுனையை மேதைமை என்றும் அழைக்கிறோம். ஆக, வேறுபாட்டைச் செய்வது எண் அன்று; எண்ணுக்கு வெளியே உள்ள ஒரு மதிப்பீடு. மறுபுறம், 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருப்பதனால் இரத்தசோகை இயல்பான உடல்நிலை என எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். உடலைப் பற்றிப் பேசும்போது தெளிவாகத் தெரியும் இந்த உண்மை, மனத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏனோ மறந்துபோகிறது.

மற்றொன்று சமூக நெறி சார்ந்த விலகல். உளவியலின் வரலாற்றில் மிகுந்த தீங்கு விளைந்தது இதன் வழியாகத்தான். 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், எசமானரிடமிருந்து தப்பியோடும் அடிமைகளின் விருப்பத்துக்கு 'டிரேப்டோமேனியா' என்று ஒரு நோய்ப்பெயர் சூட்டினார். இன்று நகைப்புக்குரியதாகத் தோன்றும் அந்தப் பெயர், அன்றைய சமூகத்தின் நெறியை அளவுகோலாகக் கொண்டால் ஒழுங்காகவே பொருந்திவந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பைக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து 1973இல் நீக்கியது. எதிர்ப்பு எழவே 1974இல் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தனர். ஒன்று நோயா இல்லையா என்பது வாக்குப்பெட்டியில் முடிவாகுமா என்று அப்போதே ஏளனம் செய்தோர் உண்டு. அந்த ஏளனத்தில் ஒரு பாதிதான் நியாயம். வாக்கெடுப்பு இன்றி முன்னர் பட்டியலில் சேர்க்கப்பட்டபோதும் அதற்கு அடிப்படையாக இருந்தது சமூகத்தின் கருத்தே. உலகச் சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து அதனை நீக்கும் முடிவை 1990இல் எடுத்தது.

இந்தியாவில் இந்த விவாதத்திற்குச் சட்டம் ஒரு தெளிவான விடையை அளித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயைத் தீர்மானிக்கும்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு உள்ளிட்ட ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களையே பின்பற்ற வேண்டும் என்கிறது. ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூகநிலை காரணமாகவோ, அவர் வாழும் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய மதிப்பீடுகளோடு ஒத்துப்போகாமை காரணமாகவோ அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்றும் அதன் 3ஆம் பிரிவு விதிக்கிறது. வேறு சொற்களில் கூறினால், பாடநூலின் நான்கு அளவுகோல்களில் முதலாவது, நெறிவிலகல் என்ற பொருளில் தனித்து நிற்குமானால், இந்தியச் சட்டத்தின் முன் செல்லாது. 377ஆம் பிரிவு பற்றிய 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதியரசர் நரிமன் இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டினார். சென்னை உயர்நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து, பாலீர்ப்பை மாற்றும் 'சிகிச்சை' தொழில்முறை ஒழுங்கீனம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. அதே ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்ட வழிகாட்டுதலில் பெண்தன்பாலீர்ப்பு மீண்டும் 'இயற்கைக்கு மாறான' குற்றங்களின் வரிசையில் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்தபின் சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது. சட்டம் மாறினாலும் பாடத்திட்டத்தின் நினைவு எளிதில் மாறுவதில்லை.

விலகலை ஒதுக்கினால் எஞ்சுபவை துயரும் செயல்திறன் குலைவும்தாம் (ஆபத்து அரிதாகவே பொருந்துகிறது, மனநோயுடையோர் பெரும்பாலோர் பிறருக்கு ஆபத்தானவர் அல்லர்). துயர் மட்டும் போதுமானதன்று. பித்தெழுச்சியின் உச்சத்தில் சேமிப்பு முழுவதையும் இழக்கும் ஒருவர் தம்மை உலகிலேயே மகிழ்ச்சியானவராக உணரக்கூடும். ஆகவே செயல்திறன் குலைவு என்ற அளவுகோல் இன்றியமையாததாகிறது. ஆனால் எந்தச் செயல்? யாருக்கான செயல்? அலுவலகப் பணியைக் குறைவின்றிச் செய்யும் மருமகள் வீட்டில் சமைக்க மறுத்தால், அவரைச் 'சரிசெய்ய' ஆலோசகரிடம் அழைத்துவரும் குடும்பத்தின் பார்வையில் அது செயல்திறன் குலைவு. சட்டத்தின் வரையறையில் வரும் 'வாழ்வின் சாதாரணத் தேவைகளை நிறைவேற்றும் திறன்' என்னும் தொடரிலேயே, எது சாதாரணம் என்ற கேள்வி மறுபடியும் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது.

இந்து திருமணச் சட்டம் மனக்கோளாற்றை மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 1988இல் ராம் நாராயண் குப்தா எதிர் ராமேஸ்வரி குப்தா வழக்கில், மனைவிக்கு மனச்சிதைவு எனக் கூறி மணவிலக்குக் கோரிய கணவரின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நோயின் பெயர் மட்டும் போதாது. சேர்ந்து வாழ்தல் இயலாது எனும் அளவுக்கு அதன் கடுமை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். உளவியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. முத்திரைக்கும் மனிதருக்கும் இடையிலான தூரத்தை அளவிடும் பணியைப் பாடநூல்கள் பலவற்றினும் தெளிவாக ஒரு நீதிமன்றம் செய்திருக்கிறது.

எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு, இழப்புத் துயர். உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராவது வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலும் தணியாத கடுந்துயரை 'நீடித்த துயர்க்கோளாறு' என்று கருத இடமளிக்கிறது. அமெரிக்கச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுக் கையேடு வயதுவந்தோருக்குப் பன்னிரண்டு மாதங்கள் என்கிறது. எட்டாவது மாதத்தில் கணவரை நினைத்து உழலும் ஒரு பெண், ஒரு நூலின்படி கோளாறுடையவராகக் கருதப்படலாம். மற்றொன்றின்படி அவ்வாறு கருத இயலாது. சமூக, பண்பாட்டு, சமய நெறிகள் எதிர்பார்ப்பதையும் துயர் விஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இரு நூல்களிலும் உண்டு. முதலாண்டு நினைவுச் சடங்கு வரை துக்கம் காக்கும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் அந்த நிபந்தனையே உயிர்நாடி. அதனைப் பயன்படுத்த மருத்துவருக்கு அந்தக் குடும்பத்தின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் சில நிமிடங்களுக்குள் அது தெரியவரும் என எதிர்பார்ப்பது கடினம்.

இவற்றையெல்லாம் காட்டி உளநோயே கற்பிதம் என வாதிடுவோர் உள்ளனர். அவ்வாதம் கருத்தரங்குகளில் கவர்ச்சியாக ஒலிக்கும். நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது உளக்கோளாறு இருந்ததாகக் கண்டது. கோளாறுகளின் வகைக்கேற்ப, சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர். கற்பிதம் என்ற வாதத்தால் அவர்களுள் ஒருவருக்கும் பயனில்லை. இந்தியாவின் இடர்ப்பாடு இரட்டைத்தன்மை கொண்டது: முத்திரை தேவையற்றவர்மேல் முத்திரை விழுகிறது, உதவி தேவைப்படுவோரை அது எட்டுவதே இல்லை. நெறிவிலகலை முதலில் பார்க்கும் கண், வீட்டை விட்டு வெளியேறிக் காதலரோடு சென்ற பெண்ணை நோயாளியாகக் காண்கிறது. எவருக்கும் இடையூறின்றி மூலையில் அமர்ந்து மெலிந்துகொண்டிருக்கும் அவளுடைய தாயைக் காணத் தவறுகிறது. இரண்டும் ஒரே பிழை.

'நான்கு டி-க்களை விளக்குக' என்ற வினாவைக் கைவிட்டு, இந்தத் தாயையும் மகளையும் ஒரு பத்தியில் விவரித்து, இருவருள் யாருக்கு எந்த அளவுகோல் பொருந்துகிறது, அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று கேட்கும் வினாத்தாளைத் தயாரிக்கப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களுக்குப் புதிய நிதியும் வேண்டா, புதிய சட்டமும் வேண்டா. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவை அந்த வினாவுக்கு மேலே அச்சிட்டுக் கொடுத்தாலே போதும்.