பின்சக்கரம் முறையிடாது

கேமரன் மலைக்கு ஏற இன்ஜின் வேண்டும். இறங்க பிரேக் வேண்டும். ஏறும்போது காடி மக்கர் செய்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் போமேனுக்குப் போன் போடலாம். இறங்கும்போது பிரேக் போனால் அந்த அவகாசம் கிடைக்காது.

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு வருகிற சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,300 மீட்டர் உயரம் இறங்குகிறோம். குடும்பத்தோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் இன்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க பிரேக்கில்தான் சூடாக இறங்கும். 2010 டிசம்பர் 20-ஆம் தேதி, தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளை ஏற்றிவந்த பேருந்து விபத்துக்குள்ளாகி 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் இந்தச் சாலையில்தான். கட்டுப்பாடு இழந்த வண்டியை இந்த வளைவுகள் மன்னிப்பதில்லை.

முன் பிரேக் கெட்டால் உடனே தெரிந்துவிடும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. சத்தம் போடும், ஸ்டீயரிங்கை ஆட்டும். பின் பிரேக் அப்படியில்லை. பாதி செத்துப்போனாலும் முறையிடாது. ஆனால் நம் ஊர் மேட்டில், அம்மா இறங்கும்வரை காரைப் பிடித்து வைத்திருக்கும் ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் அந்தப் பின்சக்கரங்களில்தான் வேலை செய்கிறது.

போன மாதம் ஊருக்குப் போய் இறங்கியதும் வழக்கம்போல நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. மறுநாள் காலை கம்போங் ராஜா பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்பக்க பேட் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்க பேட் 7 மில்லிமீட்டர் இருந்தது.

"தம்பி, ரெண்டு பேட்டும் ஒண்ணா தேயலைன்னா பேட்ட குத்தம் சொல்லாதீங்க. காலிப்பரப் பாருங்க," என்றார் போமேன் அண்ணன்.

காலிப்பர் என்பது இடுக்கி மாதிரி. உள்ளே இருக்கும் பிஸ்டன் ஒரு பேட்டைத் தள்ளும். இடுக்கி முழுவதும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து மறுபக்க பேட்டை இழுக்கும். பின் துருப்பிடித்தால் இடுக்கி நகராது, ஒரு பேட் மட்டும் தேயும். பிஸ்டனை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் உள்ளே போகும், பிஸ்டன் இறுகிவிடும். மலையில் மழைக்கும் பனிக்கும் பஞ்சமா? பல நாள் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய காரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

என் காரில் பின் துருப்பிடித்திருந்தது, உறையும் கிழிந்திருந்தது. ஆனால் பிஸ்டன் வழவழப்பாகவே இருந்தது. அதனால் ரப்பர் சீல் கிட் மட்டும் மாற்றினால் போதும் என்றார். சில பத்து ரிங்கிட் செலவு. பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தாலோ, ஹேண்ட்பிரேக் நெம்புகோலின் அச்சுப் பக்கம் எண்ணெய் கசிந்தாலோ சீல் கிட் காப்பாற்றாது. காலிப்பரையே மாற்ற வேண்டும். பொத்தோங் கடையில் மலிவாக வாங்கலாம்தான். ஆனால் அதுவும் எத்தனையோ வருடம் ஓடிய காலிப்பர். அதைப் பிரித்துப் பார்த்து, புது சீல் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

பட்டறையில் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஹேண்ட்பிரேக் சேர்ந்த பின் காலிப்பரின் பிஸ்டன் பெரும்பாலும் திருகு போன்றது. திருப்பித்தான் உள்ளே தள்ள வேண்டும். முன் பிரேக்கைப் போல அழுத்தித் தள்ளினால் உள்ளிருக்கும் பொறி உடையும். பொத்தானை அழுத்தும் மின் ஹேண்ட்பிரேக் என்றால், முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்ற வேண்டும். பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பேட் மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். கடைசியில் காற்றெடுக்க மறக்கக் கூடாது.

பிரேக் எண்ணெயையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்தது போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் வந்தால் பாதிப் பாரத்தை இன்ஜினே தாங்கிக்கொள்ளும்.

உங்கள் காரில் பின்பக்கம் காலிப்பர்தானா என்று முதலில் பாருங்கள். மைவி, சாகா போன்றவற்றில் பெரும்பாலும் பின்பக்கம் டிரம் பிரேக். அதற்கு வேறு வைத்தியம். காலிப்பர் என்றால் அறிகுறிகள் இவை: ஒரு சக்கரம் மட்டும் சூடாவது, தீய்ந்த வாடை, ஹேண்ட்பிரேக் வழக்கத்தைவிட மேலே வருவது, பெட்ரோல் அதிகம் குடிப்பது. ஓடி நின்றதும் டிஸ்க்கையோ ரிம்மையோ தொட வேண்டாம், சுட்டுவிடும். கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.

பேருந்துக்கும் லாரிக்கும் தவணை முறையில் சோதனை கட்டாயம். நம் சொந்தக் கார் சோதனைக்குப் போவது பெரும்பாலும் பெயர் மாற்றத்தின்போதுதான். அதாவது, பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து மலையிறங்கும் காரின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி எந்த இலாகாவும் நமக்குக் கடிதம் போடப் போவதில்லை. எண்ணெய் மாற்றப் போகும் அடுத்த முறை, "அண்ணே, பின்சக்கரத்தையும் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். நான்கு பேட்டையும் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.