கேளாமல் எழுதிய “இல்லை”



என் கையால் நடந்த ஒரு தவற்றைச் சொல்லியே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவருக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பாரத்தை என்னிடம் கொண்டுவந்து, “நீங்களே எழுதிடுங்க ஐயா” என்றார். வேலை அவசரத்தில், “முன்பு சாயமருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?” என்ற கேள்விக்கும் அவரைக் கேளாமலே “இல்லை” என்று எழுதினேன். அவரும் கையெழுத்திட்டார்.

உண்மையோ வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊசியைப் போட்டுக்கொண்டு, உடனே பஸ்ஸுக்கு ஓடியவருக்கு வழியிலேயே உடம்பெல்லாம் தடித்து அரித்திருக்கிறது. முதல்நாள் தின்ற இறாலின் வேலை என்றெண்ணி இறாலை விட்டுவிட்டார்; ஊசியைச் சந்தேகிக்கவில்லை. இம்முறை மருந்து ஏறிய சில நிமிடங்களில் தொண்டை அடைத்தது. இரத்த அழுத்தம் இறங்கியது. டாக்டர்கள் அட்ரினலின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

இதைக் கேட்டு யாரும் ஸ்கேனுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். இக்காலத்து அயோடின் சாயமருந்தால் 1,000 பேரில் 2 முதல் 7 பேருக்கே ஒவ்வாமை வருகிறது. கடுமையாவது 10,000 பேரில் சுமார் 4 பேருக்குத்தான். ஊசி ஏறும்போது உடல் சூடாவதும், வாயில் இரும்புச்சுவை தட்டுவதும் ஒவ்வாமையல்ல. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் இறாலிலுள்ள புரதமே, அயோடின் அல்ல. ஆனால், முன்பு சாயமருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு மீண்டும் அப்படி ஆகும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. முன்கூட்டிச் சொன்னால் டாக்டர் வேறு சாயமருந்தைத் தேர்வார். தடுப்பு மருந்து கொடுப்பார். சாயம் வேண்டாத சோதனை போதுமா என்றும் பார்ப்பார்.

ஆகவே பழைய அரிப்பையும், தடிப்பையும், ஆஸ்துமாவையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்; பஸ் போனால் போகட்டும். ஏதேனும் நேர்ந்தால் மருந்தின் பெயரை எழுதி வாங்கி, அடையாளக் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை: பாரம் உங்கள் கையில் இருக்கலாம், உயிர் அவர்களுடையது. ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, பதிலைக் கேட்டபின் எழுதுங்கள். இக்கேள்விகளைத் தமிழிலும் அச்சிட்டுத் தரும்படி ஆஸ்பத்திரிகளைக் கேட்பது ஒவ்வொரு கிளையின் கடமை. அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டு வருவோமா?