சலுகை செலவுக்கா, மின்சாரத்துக்கா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளின் லாப நட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பது மின்கட்டணம். அதே திருவள்ளூர் மாவட்டத்தில் வல்லூரிலும் அத்திப்பட்டிலும் நிலக்கரி எரிகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. ஆகவே அணுமின்சாரம் வேண்டும் என்ற குரலை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2047க்குள் 100 கிகாவாட் என்பது மத்திய அரசின் இலக்கு. அதற்குத் தனியார் முதலீட்டை இழுக்க வரிச்சலுகை வேண்டுமாம். எதற்குச் சலுகை என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், முதலீட்டுக்கான வரிக்கழிவு, உற்பத்திக்கான வரிக்கழிவு இரண்டையும் வைத்து, ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. நமக்கு இரண்டாவதே போதும். கல்பாக்கத்தில் 2004இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் அணு ஈனுலையில் உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். இப்படி இழுக்கும் திட்டத்துக்குச் செலவைப் பார்த்துச் சலுகை தந்தால், தாமதத்துக்கும் வரிப்பணமே மொய் எழுதும். மேலும், சொந்த உபயோகத்துக்கு 220 மெகாவாட் உலை வைக்கப் பெருநிறுவனங்களால்தான் முடியும். சிறு உருக்காலைக்குச் செலவைப் பார்த்துத் தரும் சலுகையால் ஒரு பைசா மிஞ்சாது. உற்பத்தியான யூனிட்டுக்கு மட்டும் சலுகை கொடுங்கள். அதில் ஒரு பங்கு கட்டணக் குறைப்பாகச் சிறு ஆலைகளுக்குச் சேர வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள்.