சாராவின் மூன்று மரக்கால் மா



கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் சில நாள்களாக ஒரே யோசனையில் இருக்கிறார். 2009ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே பதுங்குகுழியிலும் தறப்பாள் கொட்டிலிலும் அவர் குடும்பத்தோடு கூடவே இருந்து, கிடைத்த கஞ்சியைப் பங்கிட்டு உண்ட முதிய குருவானவர் ஒருவர், நெடுங்காலத்தின் பின் அவர்களைக் காண வருகிறார். அவருக்கு என்ன சமைப்பது?

மகன் நகரத்து ஹோட்டலில் பிரியாணி சொல்லிவிடலாம் என்கிறான். அயலவர் ஆட்டிறைச்சி இன்றி விருந்தா என்கின்றனர். அதற்குப் பணம் இல்லை. ஏற்கெனவே எடுத்த நுண்கடனின் கிழமைக் கட்டுப்பணமே பாரமாய் இருக்கின்றது. அத்தாய் என்னிடம் சொன்னது வேறொன்று: “சுவாமி, அவருக்கு நான் என்ர கையால பாண் சுட்டுக் குடுக்கோணும்.”

காரணம் உண்டு. அந்த நாள்களில் ஒரு திருப்பலியின்போது குருவானவர் சிறிய அப்பம் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தாராம். அதைக் கண்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், “எப்ப பாண் சாப்பிடலாம்?” என்று உரக்கக் கேட்டுவிட்டான். “சண்டை ஓயட்டும், அம்மா பாண் சுடுவா, நானும் வந்து சாப்பிடுவன்” என்றார் அவர். இன்று பிரியாணி வாங்கலாம் என்று சொல்லும் மகன்தான் அச்சிறுவன். அவனுக்கு அது நினைவில்லை.

மதிப்புக்குரிய விருந்தினருக்காகத் திட்டமிடுவது வீண் ஆரவாரம் அன்று. தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தில், மம்ரே மரங்களின் அருகே மூவரைக் கண்ட ஆபிரகாம், கொஞ்சம் உணவு தருகிறேன் என்று மட்டுமே சொல்கிறார். கூடாரத்துக்குள் ஓடியதும் கதை மாறிவிடுகின்றது: சாராவிடம் மூன்று மரக்கால் நல்ல மாவைப் பிசைந்து அப்பம் சுடச் சொல்கிறார். அது இருபது லீற்றருக்கு மேற்பட்ட மா. மூன்றே பேருக்கு! மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்து உவமையில் பெண்ணொருவர் புளிப்புமாவைச் சேர்ப்பதும் இதே மூன்று மரக்கால் மாவில்தான். சூனேம் ஊர்ப் பெண்ணோ எலிசாவுக்கு உணவளித்ததோடு நில்லாமல், மாடியில் ஓர் அறை, கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு என்று கணவரோடு கலந்து திட்டமிடுகிறார்.

மறையுரைகளில் நாம் மார்த்தாவுக்கு அநீதி இழைத்து வந்திருக்கிறோம் என்பது என் எண்ணம். ஆண்டவர் அவருடைய சமையலைக் குறை கூறவில்லை. பலவற்றைப் பற்றிய அவருடைய கலக்கத்தைத்தான் சுட்டிக்காட்டினார். யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்னர், பெத்தானியா விருந்தில் மார்த்தா மீண்டும் பரிமாறிக்கொண்டிருக்கிறார். இம்முறை அவரை எவரும் கண்டிக்கவில்லை.

மார்த்தாவின் வீட்டைச் சொல்லும் அதே லூக்கா 10ஆம் அதிகாரம், விருந்தினருக்கும் ஒரு கட்டளை தருகின்றது: கொடுப்பதை உண்ணுங்கள், வீடு வீடாய் மாறாதீர்கள். இது குருக்களாகிய எமக்குரியது. பங்குத் திருவிழாவிலும் ஆயரின் வருகையிலும் எங்கள் மேசையில் நிறையும் பாத்திரங்களைப் பார்த்து, இவற்றுள் எது கடனில் வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

1687இல் கோவாவிலிருந்து கூலியாள் கோலத்தில் இலங்கைக்கு வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், வயிற்றுளைவினால் சாகும் நிலையில் கிடந்தபோது அவரைக் காத்தது ஓர் ஏழைப் பெண் கொடுத்த கஞ்சி என்று அவருடைய வரலாறு கூறுகின்றது. அவர் யாரென்று அப்பெண் அறிந்திருக்க நியாயமில்லை. 2015 தை 14ஆம் நாள் காலையில் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று மாலையே மடுத்தாயின் திருத்தலத்துக்கு வந்தார். வன்னி மக்கள் திரளாய்ச் சென்று வரவேற்ற அந்த நாளிலும் எனக்கு அந்தக் கஞ்சிதான் நினைவுக்கு வந்தது.

இனிப் பாணுக்கு வருவோம். எங்கள் கடைவீதிகளில் வெதுப்பகங்களும் அவற்றின் போறணைகளும் உண்டு. வீட்டில் அது எளிதன்று. கோதுமை மாவைக் கள்ளு விட்டு இரவே பிசைந்து, ஈரத்துணியால் மூடிப் பொங்க வைக்கிறார் அந்தத் தாய். (கள்ளுக்கு இவ்வளவு நல்ல பயன் உண்டென்பதை மதுவிலக்குக் குழுவினர் பொறுத்தருள்வார்களாக.) பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் மா நிரப்பிய பேணியை வைத்து, தகரத்தால் மூடி, மேலும் கீழும் சிரட்டைத் தணல் இடுகிறார். முதல் முறை அடி கருகி நடு வேகவில்லை. இரண்டாம் முறை மா பொங்கவேயில்லை. வீணானதை ஆட்டுக்குட்டி தின்றது. ஆட்டிறைச்சிப் பேச்சு அத்தோடு அந்த வீட்டில் ஓய்ந்தது.

தம் வாக்கைக் குருவானவர் நினைவில் வைத்திருப்பாரா என்பது அத்தாய்க்குத் தெரியாது. தாமாகச் சொல்லப்போவதுமில்லை என்கிறார்.

நேற்று மாலை அவ்வழியே சென்றபோது மகன் முற்றத்தில் மணல் அரித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை வெந்த பாணின் ஓரத்தைப் பிட்டு என்னிடம் நீட்டி, உப்புச் சரியா என்று கேட்டார் தாய். சற்றுக் குறைவு என்றேன்.