குட்டி நாய்க்கு வாத்தியார் யார்?

அதிகாலையில் பால் வாங்கப் போகிறவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். பெரிய நாய் ஒன்று தெருவோரமாக நடந்து போகிறது. மின்கம்பத்தின் அடியில் நின்று மோப்பம் பிடிக்கிறது. டீக்கடை வாசலில் சற்றுத் தயங்குகிறது. லாரி வந்தால் சுவரோரம் ஒதுங்குகிறது. அதன் பின்னாலேயே ஒரு குட்டி. பெரியது நின்ற இடத்தில் எல்லாம் அதுவும் நிற்கிறது. பெரியது மோந்த கம்பத்தைத் தானும் மோந்து பார்க்கிறது. "பார், குட்டிக்குத் தெருவைச் சொல்லிக் கொடுக்கிறது!" என்று நாம் வியக்கிறோம்.

உண்மையாகவே சொல்லிக் கொடுக்கிறதா? விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குட்டி கற்கிறது என்பது வேறு; பெரிய நாய் கற்பிக்கிறது என்பது வேறு.

கற்பித்தல் என்றால் என்ன என்பதற்கு 1992-ஆம் ஆண்டில் காரோ, ஹவுசர் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு வரையறை தந்தார்கள். விவரம் அறியாத ஒன்று அருகில் இருக்கும்போது மட்டும் ஒரு விலங்கு தன் நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் அதற்கு உடனடி லாபம் கிடைக்கக் கூடாது. மற்றது அதன் பயனாக விரைவில் கற்க வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறிய விலங்குகள் உண்டு. ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வாழும் மீர்கேட் என்னும் பிராணி, கீரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த மீர்கேட், சிறு குட்டிகளுக்குத் தேளைக் கொன்று கொடுக்கும், அல்லது கொடுக்கை அகற்றிக் கொடுக்கும். குட்டி வளர வளர, உயிருள்ள தேளையே முன்னால் போடும். 2006-இல் வெளியான ஆராய்ச்சி இதை உறுதி செய்தது.

நம் தெரு நாயோ தன் வழக்கமான சுற்றைத்தான் சுற்றுவதாகத் தோன்றுகிறது. குட்டி இல்லாவிட்டாலும் அதே கம்பம், அதே டீக்கடை. ஆகவே அதற்கு 'வாத்தியார்' பட்டம் கொடுக்க இந்தக் காட்சி மட்டும் போதாது என்பதே என் கருத்து.

ஆனால் குட்டி கற்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் காவல்துறை நாய்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. முடிவு 1997-இல் வெளியாயிற்று. போதைப்பொருளை மோப்பம் பிடித்து எடுக்கும் தாயைச் சில குட்டிகள் 6 முதல் 12 வார வயது வரை பார்த்துக்கொண்டிருந்தன. ஆறு மாத வயதில் அதே வேலையை அவற்றிடம் கொடுத்தபோது, பார்க்காத குட்டிகளைவிட இவை சிறப்பாகச் செய்தன. 8 வாரக் குட்டிகள், பழக்கமில்லாத நாயும் மனிதரும் ஒரு பெட்டியைத் திறப்பதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் என்பதை ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2018-இல் காட்டியது.

"கற்றால் சரி, எந்தச் சொல்லால் சொன்னால் என்ன?" என்று கேட்பீர்கள். சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய நாய்தான் ஆசிரியர் என்றால், பொறுப்பை அதன் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். கண்ணில் படுவதை எல்லாம் குட்டி கற்கிறது என்றால், நாமும் அதன் பாடத்தில் இருக்கிறோம்!

அந்தப் பாடம் எத்தனை கடினமானது தெரியுமா? மேற்கு வங்கத்தில் 364 தெருக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று. இனப்பெருக்க வயதை எட்டிப் பிழைத்தவை நூற்றுக்கு 19 மட்டுமே. இறப்புகளில் நூற்றுக்கு 63 மனிதர்களால் நேர்ந்தவை. பெரிய நாயின் வழித்தடம் எவ்வளவு நல்லதாயினும், வாகனத்தையும் கல்லையும் அது தடுத்து நிறுத்தாது.

பெரிய நாயின் மேல் ஒருவன் கல்லெறிந்தால், அது அஞ்சி ஓடுவதையோ சீறுவதையோ பின்னால் நிற்கும் குட்டியும் பார்க்கிறது. ஒரு கல்லில் இரண்டு நாய்களுக்குப் பாடம்! நடுச்சாலையில் சோற்றைக் கொட்டினால், நடுச்சாலைதான் சாப்பாட்டு இடம் என்று இரண்டும் அறிகின்றன. ஆகவே கல்லைக் கீழே போடுங்கள். மிச்ச உணவைச் சாலையில் கொட்டாதீர்கள். தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடும்படி உள்ளாட்சி அலுவலகத்தில் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். நாய்களில் நூற்றுக்கு 70-க்குத் தடுப்பூசி போட்டால் அந்நோய் பரவுவது நின்றுவிடும்.

அன்பு காட்டுவது என்றால் தூக்கிக் கொஞ்சுவது என்று பொருளல்ல. குட்டி கடித்தாலும் வெறிநோய் வரக்கூடும். கடித்தால், கீறினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலையும் தருகிறேன். தெரு நாய் ஒன்று தனியாகச் சுற்றும்போதும், குட்டியுடன் சுற்றும்போதும் தள்ளி நின்று பாருங்கள். குட்டிக்காக அது நடையைத் தளர்த்துகிறதா? திரும்பிப் பார்த்துக் காத்திருக்கிறதா? நாளையும் நேரத்தையும் போட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். குட்டி கூட வரும்போது மட்டும் மாற்றம் தெரிந்தால், முதல் நிபந்தனைக்குச் சிறு சான்று கிடைத்தது என்று கொள்ளலாம். அதுவரை பட்டத்தை நிறுத்தி வைப்போம். கல்லை மட்டும் இன்றைக்கே நிறுத்துவோம்.